குண்டு விழாத பள்ளமும் காணாமற் போன தோட்டமும்

(காரியாபட்டியில் வாசகசாலைக் கூட்டமொன்றில் நாம் பேசியது)



சிறு பிராயத்தில் இந்தப் பக்கத்தில் நாம் பார்த்த யுத்த காலத்து இடங்களைப் பற்றியும், நமது குடும்பத்துக்கு இருந்து மறைந்து போன தோட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். வயதானவன் பழங்கதை பேசினால் கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இனிப்பாய் இருப்பதெல்லாம் உண்மையாய் இருக்க வேண்டுமென்பதில்லை. புராணங்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஊராருக்குச் சொல்லுகிற நாம், நமது சொந்த ஞாபகத்தை மட்டும் பரிசோதிக்காமல் விட்டுவிட்டால் அது யோக்கியமாகாது. ஆதலால் முதலில் நமது ஞாபகத்தில் இருந்தபடியே சொல்லிவிடுகிறோம். பிறகு அதில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று பார்க்கலாம்.

நமக்கு விபரம் தெரிய ஆரம்பித்த காலம் சுமார் 1953 ஆம் வருஷம். யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷமாகி விட்டது. அப்போது காரியாபட்டி ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. விருதுநகர் ஜில்லா ஏற்பட்டது 1985 இல்தான். ஊருக்கு வெளியே நமது தோட்டம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். கம்பும், சோளமும், குதிரைவாலியும், பருத்தியும் மழையை நம்பி நிற்கும். நடுவில் ஒரு கல் கட்டடக் கிணறும், இரட்டைக் கமலையும், மிளகாய்ப் பாத்தியும், கத்தரியும், நாலைந்து வேப்ப மரமும் உள்ள பச்சைத் துண்டு ஒன்று. அதுதான் தோட்டம். கமலை மாடு பின்னுக்கு வந்து முன்னுக்குப் போகும்போது வடக் கயிற்றின் மேல் உட்கார்ந்து கொண்டு போவதைப்போன்ற சந்தோஷம் பிற்காலத்தில் நமக்கு எந்த வாகனத்திலும் கிடைத்ததில்லை.

தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. அதற்குக் "குண்டுப் பள்ளம்" என்று பெயர். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் விமானம் மதுரை விமானத் திடலைத் தேடிக்கொண்டு வந்து, இருட்டில் வழி தெரியாமல் இங்கே குண்டைப் போட்டுவிட்டானென்றும், அது வெடிக்காமல் பூமிக்குள் போய்விட்டதென்றும், காரணம் நமது எல்லைச் சாமி அதை விழுங்கிவிட்டதென்றும் சொல்லுவார்கள். பள்ளத்தின் கரையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கற்பூரம் கொளுத்தி வந்தார்கள்.

இரண்டாவது இடம் விமானத் திடல். மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது பெருங்குடிப் பக்கம் வந்ததும் பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தத் திடலை 1942 முதல் பிரிட்டிஷ் ராயல் விமானப் படையார் உபயோகித்தார்கள். பிரயாணிகளுக்கான விமானம் அங்கு வந்தது 1957 இல். இடைப்பட்ட காலத்தில் நமக்கு அது ஒரு வெட்டவெளிதான். ஆனால் நமது அப்பத்தாவுக்கு அது வெட்டவெளியல்ல. "அந்தப் பேய் இரைச்சல் கேட்டுத்தாண்டா நம்ம கிணத்து ஊத்துக்கண்ணு விலகிப் போச்சு. சண்டை வந்துச்சு, தோட்டம் போச்சு" என்று அவர்கள் சாகும் வரையில் சொல்லிக் கொண்டிருந்தார்கள். நமது தகப்பனாரும் அதையே சொன்னார். நாமும் நமது பிள்ளைகளுக்கு அதையே சொன்னோம். சுமார் முப்பது வருஷ காலம் இப்படிச் சொல்லித் திரிந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்ளுகிறோம்.

நிற்க, இப்போது பரிசோதனைக்கு வருவோம்.

முதலில் குண்டை எடுத்துக் கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 5 ஆம் தேதி ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். 6 ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டார்கள். 9 ஆம் தேதி திருக்கோணமலையில் போட்டார்கள். 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் இரவில் சென்னைக்கு வந்து துறைமுகப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிற்று. இவை சரித்திரத்தில் உள்ளவை. மதுரைப் பக்கமோ ராமநாதபுரம் ஜில்லாப் பக்கமோ ஜப்பான் குண்டு விழவே இல்லை. விழாத குண்டை ஒரு சாமி விழுங்கிற்று என்றால், அந்தச் சாமியின் வயிற்றைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

அன்று ஜனங்கள் பயந்ததை நாம் குற்றம் சொல்லவில்லை. பயப்படக் காரணம் இருந்தது. 1942 ஏப்ரலில் சென்னைப் பட்டணமே காலியாயிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமென்று பயந்து, சென்னை மிருகக்காட்சி சாலையிலிருந்த சிங்கம், புலி முதலியவைகளைச் சர்க்காரே சுட்டுக் கொன்றார்கள். பர்மா விழுந்துவிட்டதால் ரங்கூன் அரிசி நின்று போயிற்று. மண்ணெண்ணெய்க்கு ஆளாய்ப் பறந்தார்கள். ஆகவே பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்குச் செய்த பரிகாரம் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. பட்டணத்தில் பதுங்கு குழி வெட்டினார்கள், விளக்கை மறைத்தார்கள். இவற்றால் ஏதேனும் பிரயோஜனம் உண்டு. நமது ஊரில் என்ன செய்தார்கள் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

அப்படியானால் அந்தப் பள்ளம் எப்படி வந்தது? தோழர்களே! இதற்கு விடை நமக்கு 1953 இலேயே கிடைத்து விட்டது. நாம்தான் அதைக் காதில் வாங்கிக் கொள்ளவில்லை.

நமது தோட்டத்தில் கமலை இறைத்தவர் ஒருவர் இருந்தார். பர்மாவில் கூலி வேலை பார்த்தவர். 1941 டிசம்பர் 23 ஆம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தபோது அங்கிருந்தார். 1942 இல் பர்மாவிலிருந்து நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காட்டு வழியாகக் கால்நடையாக வந்தவர்கள். பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள். வெள்ளைக்காரருக்கு நல்ல வழியும் கறுப்பு மனிதருக்குக் கெட்ட வழியும் ஒதுக்கினார்கள் என்ற புகார் அக்காலத்திலேயே எழுந்தது. அந்தக் கெட்ட வழியில் நடந்து உயிர் தப்பி வந்தவர் அவர். அவரை ஊரில் எல்லோரும் "ரங்கூனு" என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டோம்.

ஒரு நாள் குண்டுப் பள்ளத்தின் கரையில் நாம் பயந்து நின்றபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சின்னையா, இதை வெட்டுனது நாங்கதான். பத்துப் பேரு சேர்ந்து ரோட்டுக்குச் சரளை அள்ளுனோம். இங்க எங்க குண்டு விழுந்துச்சு? ரங்கூன்ல விழுந்துச்சு, என் கண்ணால பார்த்தேன். அங்க கோயில் இருந்துச்சு, பள்ளிவாசல் இருந்துச்சு, மாதா கோயில் இருந்துச்சு, புத்தர் கோயில் தெருவுக்குத் தெரு இருந்துச்சு. ஒரு சாமியும் வாயைத் திறக்கல சின்னையா."

ஒரு பெரிய பகுத்தறிவுப் பிரசங்கத்தில் உள்ள சரக்கு முழுவதும் இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது. சொன்னவர் எழுத்துத் தெரியாதவர். பள்ளத்தை வெட்டிய கை அவருடைய கை. குண்டு விழுவதைப் பார்த்த கண் அவருடைய கண். ஊரில் இவ்விஷயத்தில் சாட்சி சொல்ல அவரைவிட யோக்கியதை உடையவர் ஒருவருமில்லை. அப்படியிருந்தும் அவர் பேச்சு செல்லவில்லை. கற்பூரத் தட்டை எடுத்தவர் பேச்சுச் செல்லுபடியாயிற்று. ஏன்? அவர் சேரியில் இருந்தவர். அதற்கு மேல் காரணம் இல்லை.

நமது ஞாபகத்தில் அந்தத் தோட்டம் ஒரு சொர்க்கம் என்று சொன்னோமல்லவா? யாருக்குச் சொர்க்கம் என்று இப்போது கேட்டுப் பாருங்கள். பொழுது விடிவதற்கு முன்பிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சால் சாலாக இறைத்தவர் அவர். தாகம் எடுத்தால் அந்தத் தண்ணீரை அவர் மொண்டு குடிக்கக் கூடாது. வாய்க்கால் கடைசியில் குனிந்து நிற்க வேண்டும். நமது வீட்டார் யாராவது உயரத்திலிருந்து கையில் ஊற்ற வேண்டும். ஏழு வயதுப் பையனாகிய நாம் ஊற்றியிருக்கிறோம். அவருக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் நம்மைச் "சின்னையா" என்றார். நாம் அவரை "வா, போ" என்றோம். அரசியல் சட்டத்தின் 17 ஆவது விதி தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லி மூன்று வருஷமாகியிருந்தது. மூன்றாவது சுயமரியாதை மாகாண மகாநாடு 1931 இல் விருதுநகரில் நடந்து இருபத்திரண்டு வருஷமாகியிருந்தது. மாடு கட்டினால் ஒரு பகலில் போய்ச் சேரும் தூரம்தான் விருதுநகர். அங்கே பேசியது நமது கிணற்று மேட்டுக்கு வந்து சேரவில்லை.

தோழர்களே! நமது குடும்பம் பார்ப்பனக் குடும்பமல்ல. மேல்சாதிக்காரன் நம்மைத் தாழ்த்தினான் என்று கோபித்துக் கொள்ளுகிற குடும்பந்தான். அதே குடும்பம் தனக்குக் கீழே ஒருவரை வைத்து, கையில் தண்ணீர் ஊற்றிற்று. மேலே பார்த்துக் கோபப்படுவது மாத்திரம் சுயமரியாதை ஆகாது. கீழே குனிந்து பார்த்து வெட்கப்படவும் தெரிந்தால்தான் அதற்குச் சுயமரியாதை என்று பெயர்.

இனித் தோட்டம் எப்படிப் போயிற்று என்ற விஷயத்துக்கு வருவோம். நமது தகப்பனார் காலமான பிறகு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மூன்று பத்திரங்கள் இருந்தன. முதலாவது, 1943 ஆம் வருஷத்து அடமானப் பத்திரம். எதற்காகக் கடன் வாங்கப்பட்டது என்பதைப் பத்திரத்திலேயே எழுதுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் எழுதியிருந்த காரணம், ஊர்க் கோயில் கும்பாபிஷேகச் செலவு! குண்டு விழாமல் இருப்பதற்காக ஊரார் கூடிக் கும்பாபிஷேகம் செய்ய முடிவு செய்தார்களாம். பெரிய வீடு என்ற பெயருக்காகப் பாதிச் செலவை நமது பாட்டனார் ஏற்றுக் கொண்டார். இரண்டாவது, 1946 இல் வாங்கிய மேல் கடன்: நமது அத்தையின் கலியாணத்துக்காகவும், பாட்டனாரைப் பெற்றவரின் கருமாதிக்காகவும். மூன்றாவது, 1956 இல் கடனுக்கு ஈடாகத் தோட்டத்தை எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தின் நகல். அதில் சொத்து விபரத்தில், "நீருள்ள கிணறும், இரட்டைக் கமலையும், மரங்களும் உள்பட" என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

பார்த்தீர்களா? விமான இரைச்சலால் விலகிப்போன ஊற்று, யுத்தம் முடிந்து பதினோரு வருஷத்துக்குப் பிறகு பத்திரத்தில் ஊறிக் கொண்டிருக்கிறது! தோட்டத்தை ஜப்பான்காரன் எடுக்கவில்லை, வெள்ளைக்காரன் எடுக்கவில்லை, விமானமும் எடுக்கவில்லை. கும்பாபிஷேகமும், சீர்வரிசையும், கருமாதியும், அவைகளுக்கு வாங்கிய வட்டியும் எடுத்துக் கொண்டன. இன்னும் சொல்லப்போனால் யுத்த காலத்தில் தானிய விலையும் மிளகாய் விலையும் ஏறியிருந்தன. கிணறு உள்ளவன் நாலு காசு சேர்த்திருக்க வேண்டிய காலம் அது. விவசாயிகளின் கடன் பளுவைக் குறைக்க 1938 இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டிருந்தார்கள். பழைய கடனைச் சட்டம் குறைக்கலாம். புதிதாகக் கடன் வாங்கி ஐயர் தட்டில் போடுகிறவனை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

நமது அப்பத்தா பொய்க்காரி அல்ல. அவர்களுக்கு உண்மை தெரிந்தே இருக்கும். ஆனால் "சாமிக்குச் செய்து கெட்டோம்" என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் சாமிக்கும் அவமானம், பாட்டனாருக்கும் அவமானம். யாருக்கும் உறவில்லாத ஆகாய விமானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இருவர் மானமும் தப்பிவிடுகிறது. புராணங்கள் ஏற்படுகிற விதம் இதுதான். அதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் வேண்டியதில்லை, ரிஷிகளும் வேண்டியதில்லை. வெட்கப்படத்தக்க காரியம் ஒன்று, அதை மூடி மறைக்க ஒரு கதை, அதைத் திருப்பிச் சொல்ல ஒரு பேரன் இருந்தால் போதும். நமது வீட்டில் ஒரே தலைமுறையில் ஒரு புராணம் தயாராகி விட்டது. ஊரிலோ, யாரும் கேட்பாரில்லாத சரளைப் பள்ளம் தெய்வ ஸ்தலமாகி, இன்று சுற்றுச் சுவரும் உண்டியலும் வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவோடு விட்டிருந்தால் பத்திரம் உண்மை, ஞாபகம் பொய் என்று சொல்லி முடித்திருப்போம். ஆனால் அந்த மூன்று பத்திரங்களையும் நாம் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தோம். பாட்டனார் பெயர் இருக்கிறது. கடன் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. சாட்சிகள் பெயர் இருக்கிறது. நான்கெல்லையும், மரங்களும், கமலையும்கூட இருக்கின்றன. கமலை இறைத்தவர் இல்லை. 1956 இல் நமக்குத் தோட்டம் போயிற்று; அவருக்குப் பிழைப்புப் போயிற்று. நமது தகப்பனார் மதுரையில் ஒரு வேலை தேடிக் கொண்டார், நம்மைப் படிக்க வைத்தார். அவர் குடும்பம் எங்கே போயிற்று என்று நமது வீட்டில் யாரும் கேட்கவில்லை. இன்று அவரைப் பற்றி எழுதலாமென்றால், தோழர்களே, அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. "ரங்கூனு" என்பது நாம் வைத்த பெயர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று மூன்று வருஷ காலம் அவர் கையில் தண்ணீர் ஊற்றிய நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஞாபகமும் அவரை விட்டுவிட்டது. பத்திரமும் அவரை விட்டுவிட்டது. தோட்டம் மறைந்ததைவிட இதுதான் நமக்குப் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது.

இது நமது வீட்டுக் கதை மாத்திரமா? யுத்த காலத்தில் தமிழ்நாட்டில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் என்று பல இடங்களில் விமானத் திடல்கள் போட்டார்கள். பிற்காலத்தில் சோழவரத்து ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயம் விட்டார்கள். செட்டிநாட்டு ஓடுபாதை கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடந்தது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாடிகள் எழுந்தன. படம் பிடித்து ரசிக்கிறார்கள், எந்த விமானம் எந்த மாடல் என்று பேசுகிறார்கள். அந்த நிலத்தில் அதற்கு முன் உழுதவர் யார், கல் உடைத்துத் தளம் போட்ட ஆண் பெண் கூலிகள் யார் என்று கேட்பவர் எத்தனை பேர்?

அதே மதுரை விமானத் திடலை இன்னும் பெரிதாக்குவதற்காகச் சுற்றுப்புறக் கிராமங்களில் நிலம் எடுக்கப்பட்டது. மீள்குடியமர்வுக்கு வழி செய்யாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டோம் என்று சின்ன உடைப்பு கிராமத்தார் 2024 நவம்பரில் போராடினார்கள். விமானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விமானம் மனிதனுடைய அறிவின் பெருமை. ஆனால் பறக்கிறவனுக்கு டிக்கெட்டில் பெயர் இருப்பதுபோல, அதற்காக இடம் விட்டவனுக்கும் ஜாபிதாவில் பெயர் இருக்க வேண்டும். 1894 ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் நிலத்தில் பாத்தியதை உடையவனைத்தான் பார்த்தது. 2013 ஆம் வருஷத்துச் சட்டம், சொந்த நிலமில்லாவிட்டாலும் அந்த இடத்தில் மூன்று வருஷம் வேலை செய்து அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலியையும் குத்தகைக்காரனையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. அன்று நமது தோட்டக்காரருக்கு இல்லாத ஒரு இடம் இன்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கணக்கெடுக்க வருகிறவனிடம் அவன் பெயரை யார் சொல்லுவது? பட்டாக்காரன் தன் பெயரைச் சொல்லுவான். கூலிக்காரன் பெயரைச் சொல்ல வேண்டியது உங்களைப் போன்ற வாலிபர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். யுத்தம் நமது ஜில்லாவுக்குக் குண்டைக் கொண்டு வரவில்லை. வெளிநாட்டுச் சரக்கு வருவது தடைப்பட்டதால் சிவகாசியில் பட்டாசுத் தொழிலைத்தான் வளர்த்தது. அதில் பிழைத்தவர்களும் உண்டு, கருகியவர்களும் உண்டு. இதே காரியாபட்டித் தாலூகாவில், ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் 2024 மே 1 ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, வெடிமருந்து வெடித்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். விழாத குண்டுக்குக் கற்பூரம் காட்டுகிறோம். மெய்யாகவே வெடித்த வெடிக்குச் செத்தவர்களின் பெயரை இங்கே எத்தனை பேர் சொல்ல முடியும்? கையைத் தூக்குங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை. நமது கையும் தூங்கிக் கொண்டுதான் இருக்கும்.

ஆகவே தோழர்களே! இக்கூட்டத்தின் பயனாக மூன்று காரியங்களைச் செய்யும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். முதலாவது, உங்கள் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களை எடுத்துப் படியுங்கள். நிலம் எதனால் வந்தது, எதனால் போயிற்று என்று பாருங்கள். கடவுள் கொடுத்தார், காலம் எடுத்தது என்ற கதையெல்லாம் அங்கே இராது. இரண்டாவது, ஊரிலும் சேரியிலும் உள்ள வயதானவர்களிடம் போய், யார் யார் எந்தத் தோட்டத்தில், எந்தக் கிணற்றில், எந்த ரோட்டில் வேலை செய்தார்கள் என்று கேட்டு, அவர்களுடைய சொந்தப் பெயரோடு எழுதி இந்த வாசகசாலையில் வையுங்கள். பட்டப் பெயரை எழுதாதீர்கள். மூன்றாவது, நாளைக்கு இந்தப் பக்கம் ரோட்டுக்கோ ஆலைக்கோ நிலம் எடுக்க வந்தால், அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நிலமில்லாதவனையும் கணக்கில் சேர் என்று கேளுங்கள்.

நமது தோட்டம் இருந்த இடத்தைப் போன மாதம் போய்ப் பார்த்தோம். சீமைக் கருவேல் மண்டி, அதில் பாதியை வெட்டி, வர்ணம் பூசிய கற்களை நட்டு வீட்டு மனையாக்கியிருக்கிறார்கள். கிணறு தூர்ந்து கிடக்கிறது. அதற்காக நாம் அழவில்லை. யார் வந்தாலும் தானே குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கக் கூடிய வீடுகள் அங்கே எழும்புமானால், நாம் இழந்த தோட்டத்தைவிட அந்த மனைகளே மேலானவை என்போம்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள், உங்கள் பெரியவர்களைக் கேளுங்கள், பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.